விதியை டேட்டாபேஸுக்குள் எழுதக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி படித்தவர்கள் வேலைக்கு என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்கள் கல்விப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. செயற்கை நுண்ணறிவு, கிளவுட், மொபைல் ஆப் எல்லாம் அதில் இருந்தன. டேட்டாபேஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவள். எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கிற ட்ரெய்லர்களின் கணக்கு கடைசியில் நான் பார்க்கிற டேபிள்களில்தான் வந்து விழுகிறது. ட்ரிகரும் ஸ்டோர்டு ஃபங்ஷனும் சொந்தமாக எழுதத் தெரிந்த பிள்ளைகள் எங்களைப் போன்ற இடங்களுக்கு எவ்வளவு தேவைப்படுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸ் என்பது தகவல்களை டேபிள்களாக, அதாவது வரி வரியான பட்டியல்களாக, வைத்துக்கொள்ளும் மென்பொருள். ஸ்டோர்டு ஃபங்ஷன் என்பது ஒரு கணக்கைச் செய்யும் நிரல். அது டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு பெயரில் இருக்கும். அந்தக் கணக்கு யாருக்கு வேண்டுமோ அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ட்ரிகரை யாரும் கூப்பிட வேண்டாம். ஒரு டேபிளில் புது வரி சேர்ந்தாலோ, இருக்கிற வரியைத் திருத்தினாலோ, அழித்தாலோ அது தானாக ஓடும். சேர்த்தது கேட்டில் இருக்கும் டேப்லெட்டா, அலுவலகக் கம்ப்யூட்டரா, ராத்திரியில் எக்செல் கோப்பை ஏற்றும் புரோகிராமா என்று அது பார்ப்பதில்லை. அதுதான் அதன் பலம்.

அந்தப் பலம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நான் முன்பு வேலை பார்த்த ஒரு யார்டில் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்டில் கன்டெய்னர் எண்ணைத் தட்டும் திரையில் சோதனை இருந்தது. தப்பான எண்ணைத் தட்டினால் சிவப்பாகக் காட்டும். ஆனால் ஷிப்பிங் லைன் அனுப்புகிற பட்டியலை ராத்திரியில் ஏற்றுவதற்கு வேறு யாரோ எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராம் ஒன்று இருந்தது. அது நேராக டேபிளில் போய் எழுதும், எந்தச் சோதனையும் கிடையாது. ஒரு பாக்ஸின் (கன்டெய்னரை நாங்கள் இப்படித்தான் சொல்வோம்) எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி அந்த வழியாக உள்ளே போய்விட்டது. பாக்ஸை வெளியே விடச் சொல்லும் டெலிவரி ஆர்டரும் அந்தத் தப்பான எண்ணின் பேரிலேயே பதிவாகிவிட்டது. பாக்ஸை எடுக்க வந்த டிரைவர் காசிமேட்டுக்காரர். கண்ணெதிரே பாக்ஸ் நிற்கிறது, கதவில் எண் பெரிதாக எழுதியிருக்கிறது, சிஸ்டத்தில் மட்டும் அதற்கு ஆர்டர் இல்லை. கேட்டில் இருந்தவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்த்தார், ஆர்டர் இல்லாத பாக்ஸை அவர் வெளியே விட முடியாது. அந்த டிரைவர் ராத்திரி முழுக்க வண்டியிலேயே கிடந்தார். அடுத்த நடை போச்சு, அதற்கான பேட்டாவும் போச்சு. யாரும் ஈடு கொடுக்கவில்லை. என் அப்பாவும் ட்ரெய்லர் ஓட்டியவர் என்பதால் இதை வெறும் டேட்டா பிழை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

இத்தனைக்கும் அந்தப் பிழையைப் பிடிக்கும் வழி எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. உலகத்தில் ஓடுகிற கன்டெய்னர்கள் எல்லாம் ஐ.எஸ்.ஓ. 6346 என்ற தரப்படி எண் பெற்றவை. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஒரு சோதனை இலக்கம். எழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஏ என்றால் 10, பி என்றால் 12, இப்படியே 11-இன் மடங்குகளைத் தாண்டித் தாண்டி இசட் 38-இல் முடியும். முதல் இடத்து மதிப்பை 1-ஆல் பெருக்கு, இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 4-ஆல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் இரட்டித்துக்கொண்டே போய் பத்தாவது இடத்தை 512-ஆல் பெருக்கு. எல்லாவற்றையும் கூட்டி 11-ஆல் வகுத்தால் வருகிற மீதிதான் சோதனை இலக்கம். மீதி 10 வந்தால் 0 என்று எழுதுவார்கள்.

பாடங்களில் வழக்கமாகக் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: சி.எஸ்.க்யூ.யூ. 305438, சோதனை இலக்கம் 3. பெருக்கிக் கூட்டினால் 6185. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 3, சரியாக இருக்கிறது. நடுவில் 5-உம் 4-உம் இடம் மாறி 304538 என்று தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 6249 ஆகிவிடும், மீதி 1. கடைசியில் இருப்பதோ 3. அந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். இந்தக் கணக்கை ஸ்டோர்டு ஃபங்ஷனாக எழுதினால் இருபது வரிகூட ஆகாது. பி.எஸ்.சி. இரண்டாம் ஆண்டு மாணவர் ஒரு மதிய நேரத்தில் எழுதிவிடலாம். எழுதியவர் நாளைக்குத் துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் போகும்போது எந்தப் பாக்ஸைப் பார்த்தாலும் தன் ஃபங்ஷன் சரியா என்று சோதித்துக்கொள்ளலாம். வடசென்னையில் பாடத்துக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதே இல்லை, தெருவிலேயே ஓடுகிறது.

ஃபங்ஷனை எழுதியாயிற்று, அதை எங்கே மாட்டுவது என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் எந்த டேட்டாபேஸ் மென்பொருள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்றால் ட்ரிகரே வேண்டாம். ஒரே எண்ணைக் கொடுத்தால் எப்போதும் ஒரே விடைதான் வரும் என்று அந்த ஃபங்ஷனை அறிவித்துவிட்டு, டேபிளில் செக் கன்ஸ்ட்ரெயின்ட்டாக, அதாவது ஒவ்வொரு வரியையும் டேபிளே சோதிக்கும் நிபந்தனையாக, போட்டுவிடலாம். மைஎஸ்கியூஎல் அப்படி விடாது. செக்குக்குள் ஸ்டோர்டு ஃபங்ஷனைக் கூப்பிட அதில் அனுமதி இல்லை. 2019-இல் வந்த 8.0.16 பதிப்புக்கு முன்பு இன்னும் மோசம், செக் என்று எழுதினால் வாங்கிக்கொள்ளும், ஆனால் எதையும் சோதிக்காது. பழைய மைஎஸ்கியூஎல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற அலுவலகங்களில் செக் எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தயவுசெய்து ஒரு தப்பான வரியைச் சேர்த்துப் பாருங்கள். அங்கெல்லாம் வரி உள்ளே போவதற்கு முன் ஓடுகிற ட்ரிகரை எழுதி, சோதனை தப்பினால் பிழையெழுப்பி நிறுத்துவதுதான் வழி.

நான் எதற்கெடுத்தாலும் ட்ரிகர் எழுதச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே பாக்ஸ் யார்டுக்குள் இரண்டு முறை இருக்கக் கூடாது என்பது எங்கள் அடிப்படை விதி. இதற்குச் சிலர் நீளமாக ட்ரிகர் எழுதி வைத்திருப்பார்கள். வெளியேறிய நேரம் காலியாக இருக்கிற வரிகளுக்கு மட்டும் கன்டெய்னர் எண்ணின் மேல் ஒரு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண்ணை இரண்டு முறை வர விடாதது) போட்டால் போஸ்ட்கிரெஸில் ஒரே வரியில் வேலை முடிந்தது. காலியாக விடக் கூடாது, இரண்டு முறை வரக் கூடாது, இன்னொரு டேபிளில் இல்லாததை இங்கே எழுதக் கூடாது என்பதற்கெல்லாம் கன்ஸ்ட்ரெயின்ட் இருக்கிறது. கன்ஸ்ட்ரெயின்ட்டால் சொல்ல முடியாததற்குத்தான் ட்ரிகர்.

அப்படி ஒன்று திருத்தப் பதிவு. பாக்ஸ் யார்டுக்குள் வந்த நேரத்தை வைத்துத்தான் கிரவுண்ட் ரென்ட், அதாவது அது நிற்கும் இடத்துக்கான வாடகை, போடுகிறோம். வந்த தேதியை இரண்டு நாள் தள்ளிப் போட்டால் ஒருவருக்குப் பணம் குறையும், இன்னொருவருக்குக் கூடும். அதனால் அந்த வரியை யார் தொட்டாலும் பழைய நேரம் என்ன, புது நேரம் என்ன, மாற்றியது யார், எப்போது என்று தனி டேபிளில் எழுதிவிட வேண்டும். ட்ரிகருக்குள் ஓல்ட், நியூ என்று திருத்துவதற்கு முந்தைய வரியும் பிந்தைய வரியும் கையில் கிடைக்கும், எனவே எழுதுவது சுலபம். கம்பெனிகளுக்குச் சட்டமும் இதையேதான் கேட்கிறது. கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடம் இருக்க வேண்டும், ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது அது. திரையில் மட்டும் பதிவு வைத்திருந்தால், டேட்டாபேஸுக்குள் நேராக நுழைந்து மாற்றுகிறவருடைய தடம் எங்கே விழும்?

இதிலும் நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தப் பதிவு டேபிளில் ஊழியர்கள் யாருக்கும் எழுதவோ அழிக்கவோ உரிமை தரக் கூடாது. ஆனால் அவர்கள் செய்கிற மாற்றம் அதில் விழவும் வேண்டும். அதற்காக ட்ரிகர் ஃபங்ஷன் அதை எழுதியவரின் உரிமையோடு ஓடும்படி வைப்போம். அப்படி வைத்துவிட்டு, மாற்றியது யார் என்று உள்ளே கேட்டால் போஸ்ட்கிரெஸ் ஃபங்ஷனின் சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிடும். ஒவ்வொரு வரியிலும் என் பெயரே வரும்! உள்ளே நுழைந்தவர் யார் என்று தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு செஷன் யூசர் என்று வேறு சொல் இருக்கிறது. அதோடும் முடியவில்லை. அலுவலகம் மொத்தமும் ஒரே லாகினில் டேட்டாபேஸுக்குள் போகிறது என்றால் அந்த லாகின் பெயர்தான் பதிவாகும், ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. ஆப் ஒவ்வொரு முறையும் இன்னார் செய்கிறார் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ட்ரிகர் வேண்டாம் என்கிற பொறியாளர்கள் நிறைய பேர் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆப் எழுதுகிறவர் கண்ணில் ட்ரிகர் படாது. ஒரு வரியைச் சேர்த்தேன், நான்கு டேபிள் மாறியிருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். போஸ்ட்கிரெஸில் ஒரே நேரத்துக்கு இரண்டு ட்ரிகர் இருந்தால் பெயரின் அகரவரிசைப்படி ஓடும், இது தெரியாமல் பெயர் வைத்தால் வரிசை குழம்பும். டெலிட்டுக்கு முன் ஓடும் ட்ரிகரில் பழக்கதோஷத்தில் நியூவைத் திருப்பி அனுப்பினால், அழிக்கும்போது நியூ என்று ஒன்று இல்லாததால், வரி அழியாமல் அப்படியே இருக்கும், பிழைச் செய்தியும் வராது. டிரைவருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிற வேலையை ட்ரிகருக்குள் வைத்தால், பிறகு அந்தப் பரிவர்த்தனை ரோல்பேக் ஆனாலும், அதாவது ரத்தாகிப் பழையபடி ஆனாலும், போன எஸ்.எம்.எஸ். திரும்பி வராது. இத்தனையும் உண்மை. ஆனால் இவையெல்லாம் ட்ரிகரைச் சரியாகக் கற்றுக்கொடுக்காததால் வருகிற தொல்லைகள். விதியை ஆப்பில் மட்டும் வைத்தால் அடுத்த வருடம் இன்னொரு ஆப் வரும், அதற்கடுத்து இன்னொரு எக்செல் புரோகிராம் வரும், ஒவ்வொன்றிலும் அந்த விதியை மறுபடி எழுத யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஆப் மாறும், ஆள் மாறுவார்கள், டேபிள்தான் அப்படியே இருக்கும்.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனுபவப்பட்டவர்களே இதில் சறுக்குகிறார்கள். ஒரு டெலிவரி ஆர்டரில் ஐந்து பாக்ஸ் என்றால் ஐந்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. வெளியேறும் வரி சேரும் முன் ட்ரிகர் எண்ணிப் பார்க்கிறது: இதுவரை நான்கு போயிருக்கிறது, சரி, ஐந்தாவதை விடு. இரண்டு கவுன்டரில் இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால்? இரண்டு பரிவர்த்தனையும் எண்ணும்போது நான்குதான் தெரியும், ஏனென்றால் மற்றதன் வரி இன்னும் கமிட் ஆகவில்லை, அதாவது உறுதியாகப் பதியவில்லை. இரண்டும் விட்டுவிடும், ஆறு பாக்ஸ் வெளியே. ட்ரிகர் இருந்தும் விதி உடைந்துவிட்டது. எண்ணுவதற்கு முன்பு அந்த ஆர்டரின் வரியை ஃபார் அப்டேட் என்று பூட்டிவிட்டால் இரண்டாவது ஆள் முதல் ஆள் முடிக்கும்வரை காத்திருப்பார், பிறகு எண்ணும்போது ஐந்து என்று தெரிந்து நின்றுவிடும். இதைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் பிகின் கொடுத்து (பரிவர்த்தனையைத் தொடங்கி) வரியைச் சேர்த்துவிட்டு கமிட் செய்யாமல் விட்டு, மற்றதில் அதே ஆர்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பூட்டு போடாதபோது இரண்டும் உள்ளே போவதையும், பூட்டு போட்டதும் இரண்டாவது ஜன்னல் அசையாமல் நிற்பதையும் ஒருமுறை பார்த்த பிள்ளை ஆயுசுக்கும் மறக்காது.

ஆனால் நம் பிள்ளைகள் பார்ப்பதில்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எர்ணாவூரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் ட்ரிகர் என்றால் என்ன என்று கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது, தேர்வில் வருகிறது. கீபோர்டைத் தள்ளி ஒன்று எழுதிக் காட்டம்மா என்றால் கை நின்றுவிடும். ரெக்கார்டு நோட்டில் எழுதியதோடு சரி, ஓட்டிப் பார்த்ததில்லை என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லேப் நேரம் குறைவு, இரண்டு மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், வீட்டில் லேப்டாப் இல்லை என்றால் எங்கே போய்ப் பழகுவார்கள்?

புத்தகமும் அவர்களைக் குழப்புகிறது. ரிலேஷனல் டேட்டாபேஸ் என்ற யோசனையை எட்கர் காட் 1970-லேயே எழுதிவிட்டார், ஆனால் ட்ரிகர், டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல்லின் தரத்துக்குள் வந்தது 1999-இல்தான். அதற்குள் ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்துவிட்டார்கள். ஆரக்கிள் 1992-இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே ட்ரிகர் வைத்திருந்தது, மைஎஸ்கியூஎல்லுக்கு 2005-இல் 5.0 பதிப்பில்தான் வந்தது. ஆரக்கிளில் நியூ என்ற சொல்லுக்கு முன் முக்காற்புள்ளி வைக்க வேண்டும், போஸ்ட்கிரெஸில் வைக்கக் கூடாது. போஸ்ட்கிரெஸில் ஃபங்ஷனைத் தனியாக எழுதி ட்ரிகரோடு இணைக்க வேண்டும், மைஎஸ்கியூஎல்லில் ட்ரிகருக்குள்ளேயே எழுதிவிடலாம். மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் ட்ரிகர் வரிக்கு வரி ஓடாது, ஒரு கட்டளைக்கு ஒருமுறைதான் ஓடும், மாறிய வரிகள் எல்லாம் ஒரு டேபிளாகக் கையில் வரும். ஆரக்கிள் முறையில் மனப்பாடம் செய்த பிள்ளை எங்கள் போஸ்ட்கிரெஸ் முன் உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பிழை வருகிறது, தனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்து எழுந்துவிடுகிறது. விஷயம் தெரிந்த பிள்ளைதான், பேச்சுவழக்கு மட்டும் வேறு. இதை முதல் வகுப்பிலேயே யாராவது சொல்லியிருந்தால் போதும்.

கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. போஸ்ட்கிரெஸ் இலவசம், சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். எம்ப்ளாயீ, டிபார்ட்மெண்ட் என்று பழைய டேபிளையே வைத்துக்கொண்டு சம்பளத்தைக் கூட்டும் ட்ரிகரை எழுதச் சொல்லாதீர்கள். கன்டெய்னர் எண் ஃபங்ஷனைக் கொடுங்கள், எம்.சி. ரோடு துணிக்கடையின் சரக்கு இருப்பைக் கொடுங்கள், காசிமேட்டில் ஐஸ் கடன் வாங்கும் படகுகளின் கணக்கைக் கொடுங்கள். தப்பான வரியைச் சேர்த்து அது நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டுக்கு மதிப்பெண் போடுவதைவிட, ட்ரிகரை ஏமாற்றி உள்ளே நுழைந்த மாணவருக்கு மதிப்பெண் போடுங்கள்.

கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் 2024-இல் திறந்தார்கள். படிக்கவும் வேலை செய்யவும் நல்ல இடம், பிள்ளைகள் போகிறார்கள். அதேபோல் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருக்கிற பொது நூலகங்களிலும் சில கம்ப்யூட்டர்களை ஒதுக்கி, போஸ்ட்கிரெஸும் மைஎஸ்கியூஎல்லும் ஏற்றி வைத்தால் லேப்டாப் இல்லாத பிள்ளைகள் சாயங்காலம் வந்து பழகுவார்கள். இதை உங்கள் நாளிதழ் வழியாக உரிய அதிகாரிகளின் காதுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் கோரிக்கை. கல்விப் பக்கத்தில் டேட்டாபேஸுக்கும் வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் வைக்க ஒரு நூலகம் முன்வந்தால் சனிக்கிழமை மாலைகளில் வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புது வண்ணாரப்பேட்டை, சென்னை